அப்பாவின் லப்டொப்பும் வராமல் போன 'ஈ'யும்

எங்கட வீடு லாசாலில் ஒரு டூப்ளெக்ஸ். கீழ் வீட்டில் அப்பாவும் அம்மாவும், மேல் வீட்டில் நானும் மனைவியும் ஒன்பது வயது மகளும். கீழே வைஃபை நின்றாலோ பிரின்டர் அடம்பிடித்தாலோ அம்மா தும்புத்தடியின் பிடியால் சீலிங்கில் இரண்டு தட்டுத் தட்டுவா. நான் இறங்கிப் போவேன். சொப்ட்வெயார் இஞ்சினியர் பிள்ளை இருக்கிற எல்லா வீட்டிலும் இப்படி ஏதோ ஒரு ஏற்பாடு இருக்கும். இதை வாசிக்கிற உங்களில் பலர் அந்தப் பிள்ளையாகவே இருப்பீர்கள்.

2025 ஒக்டோபர் தொடக்கத்தில் தட்டுக் கேட்டது அப்பாவின் லப்டொப்புக்காக. திரை முழுக்க ஒரு அறிவிப்பு நின்றது. வின்டோஸ் 10க்கான ஆதரவு ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிகிறது, இந்தக் கணினி வின்டோஸ் 11க்குத் தகுதியில்லாதது என்று.

"தம்பி, இது கொம்பியூட்டரைப் போகச் சொல்லுதோ, என்னைப் போகச் சொல்லுதோ?" என்று அப்பா கேட்டார்.

அந்த லப்டொப் 2012இல் வாங்கியது. நான்கு ஜிபி நினைவகம், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். வின்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், 2018க்குக் கிட்ட வந்த அல்லது அதற்குப் பிந்திய புரொசசரும். அப்பாவின் மெஷினில் இரண்டும் இல்லை. மைக்ரோசொப்ட் ஒரு வருட நீட்டிப்புக் கொடுத்திருந்தது. ஆனால் எங்களுக்கு அதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று இருந்தது. டிஸ்க் 'டிக், டிக்' என்று சத்தம் போடத் தொடங்கியிருந்தது. அப்பா ஒரு பைலைத் திறக்கச் சொல்லிவிட்டுப் போய், அம்மா ஊற்றிய தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு வருவார். அப்போதுதான் அது திறந்திருக்கும்.

"புதுசு ஒண்டு வாங்கித் தாறன் அப்பா. எழுநூறு டொலருக்கு நல்லதா வரும்."

"இது எழுதுதுதானே. பிறகு என்னத்துக்குப் புதுசு?"

அப்பா என்ன எழுதுகிறார் என்பதைச் சொல்ல வேண்டும். அவர் கல்வெட்டு அடிப்பவர். ஒருவர் இறந்து 31ஆம் நாள், அந்தியேட்டி முடிந்து சாப்பாட்டுக்கு முன் கையில் தருவார்களே, ஒரு நினைவுமலர், அதைத்தான் எங்கட ஆட்கள் கல்வெட்டு என்கிறார்கள். முன் அட்டையில் படம், உள்ளே வாழ்க்கை வரலாறு, தேவாரங்கள், வம்ச விருட்சம், கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். அப்பா வடமராட்சியில் சங்கக்கடையில் கிளாக்காக இருந்தவர். பருத்தித்துறையில் தமிழ்த் தட்டச்சுப் படித்தவர். எண்பதுகளின் கடைசியில் இங்கே வந்து, லஷீனில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்து ஓய்வு பெற்றார். மொன்றியலில் ஊர்க்காரர் யாராவது தவறினால் இரண்டாம் நாளே அப்பாவுக்கு ஃபோன் வரும். இருபது வருடத்தில் 47 கல்வெட்டு. ஒன்றுக்கும் காசு வாங்கியதில்லை.

எனக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் அதை அப்பாவின் பொழுதுபோக்கு என்றுதான் நினைத்து வைத்திருந்தேன்.

நன்றி நவிலும் நாள் நீண்ட வார இறுதியில், அதாவது வின்டோஸ் கெடு முடிவதற்கு முதல் நாள், லப்டொப்பை மேலே கொண்டுவந்தேன். மகள் கேட்டாள்: "அப்பா, இதை எக்கோசாந்தருக்குக் கொண்டு போறதா?" எங்கள் பகுதி எக்கோசாந்தர் சென்-பாட்ரிக் வீதியில் இருக்கிறது. பழைய டிவியும் பெயின்ட் வாளியும் கொண்டுபோய்க் கொடுக்க அவளும் என்னோடு வருவாள். "இல்லையம்மா, இதுக்கு இன்னும் உயிர் இருக்கு" என்றேன்.

வேலையில் நான் நாள் முழுக்கப் பாவிப்பது லினக்ஸ்தான். 1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஒரு இயங்குதளம் செய்கிறேன் என்று அறிவித்த அந்த வேலை, இன்றைக்கு உங்கள் அன்ட்ரொயிட் ஃபோனின் அடியில் இருக்கிறது. உலகின் மிக வேகமான 500 சூப்பர் கொம்பியூட்டர்களும் 2017இலிருந்து அதில்தான் ஓடுகின்றன. முதுகலையில் அதன் உள்விஷயங்களைப் படித்துப் பரீட்சையும் எழுதியிருக்கிறேன். ஆனால் ஒரு நாளும் அதைக் கீழ் வீட்டுக்கு இறக்கியதில்லை. பெற்றோருக்குச் சரிவராது என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

தெரிந்தெடுத்தது லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. இரண்டு ஜிபி நினைவகத்திலேயே ஓடும். 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வரும். முகப்பும் பழைய வின்டோஸ் மாதிரியே, கீழே ஒரு பட்டை, இடது மூலையில் மெனு. அதன் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு பெண் பெயர். நாங்கள் போட்டதற்கு 'ஸாரா'. மகளுக்கு அது நல்லாய்ப் பிடித்துக்கொண்டது.

நீங்களும் செய்து பார்க்க நினைத்தால், வரிசை முக்கியம். முதலில் தரவு, மற்றதெல்லாம் பிறகு. மின்ட்டை ஒரு யூஎஸ்பி குச்சியில் எழுதி, அதிலிருந்தே கொம்பியூட்டரைத் தொடக்கலாம். டிஸ்க்கில் ஒரு எழுத்தையும் மாற்றாமல் வைஃபை, சத்தம், பிரின்டர் எல்லாம் வேலை செய்கிறதா என்று அப்படியே பார்த்துக்கொள்ளலாம். நான் அந்த நிலையில் வைத்தே டிடிரெஸ்கியூ என்ற கருவியை ஓடவிட்டேன். சாகிற டிஸ்க்கை வாசிப்பதற்கென்றே செய்தது. நல்ல பகுதிகளை முதலில் பிரதியெடுத்துவிட்டு, பழுதான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். இரவு முழுக்க ஓடியது. விடிய எழும்பிப் பார்த்தபோது, சில கிலோபைட்டுகளைத் தவிர எல்லாம் என் வெளி டிஸ்க்கில் வந்திருந்தன.

பிறகு மகள் ஸ்க்ரூடிரைவர் பிடித்தாள். பழைய டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டோம், நினைவகத்தை எட்டு ஜிபி ஆக்கினோம், விசிறியில் அடைந்திருந்த தூசியை ஊதினோம். தூசிக்குள் ஒரு சீரகம் இருந்தது. எல்லாச் சாமானுக்கும் எழுபது டொலர் முடிந்தது. மின்ட்டைப் பதிக்க இருபது நிமிடம். முன்பு நாலு நிமிடத்தில் எழும்பின மெஷின் இப்போது இருபது செக்கனில் எழும்பியது. அப்பாவின் கோப்புகளை எல்லாம் 'டொக்யுமென்ட்ஸ்' அடைவுக்குள் அதே பெயர்களோடு திரும்ப வைத்தேன். கீழே கொண்டுபோய்க் கொடுத்தபோது அப்பா மூடியைத் தடவிப் பார்த்தார்.

"வடிவாயிருக்கு தம்பி. கெதியாயும் இருக்கு."

அன்றிரவு நண்பர்களின் வட்ஸ்அப் குழுவில் முன்னும் பின்னும் படம் எடுத்துப் போட்டேன். பெரிய பெருமை.

அதற்குப் பிறகு நாலைந்து கிழமை சீலிங்கில் தட்டே கேட்கவில்லை. எப்போதாவது கீழே போனால் அப்பா அதில் யாழ்ப்பாணப் பேப்பர் வாசித்துக்கொண்டிருப்பார், அல்லது யூடியூப்பில் நாதஸ்வரக் கச்சேரி ஓடும். எல்லாம் சரி என்று நினைத்தேன்.

முதல் பனி கொட்டின கிழமை, இடியப்பம் எடுக்க இறங்கிப் போனபோது அம்மா சொன்னா: "மாஸ்டரின்ர கல்வெட்டை ரொறன்ரோவில ஆரையோ பிடிச்சுச் செய்யினமாம்."

மாஸ்டர் என்றால் அப்பாவுக்கு ஏழாம் வகுப்பில் கணக்குப் படிப்பித்தவர். தொண்ணூறைத் தாண்டி, கோட்-தெ-நேஜில் மகளோடு இருந்து நவம்பர் தொடக்கத்தில் தவறிப்போனார். செத்தவீட்டில் அப்பா இரண்டு நாளும் முன்னுக்கு நின்றதை நான் கண்டேன்.

"ஏன், அப்பா செய்யேல்லையே?"

"அவர் ஏலாதெண்டுட்டார்."

"ஏன் ஏலாது? சுகமில்லையோ?"

அம்மா இடியப்பப் பெட்டியை மூடிக்கொண்டே சொன்னா: "உன்ர கொம்பியூட்டரில தமிழ் இல்லையாம்."

பதின்மூன்று வருடம் அது 'அப்பாவின்ர கொம்பியூட்டர்'. எந்த நாளில் அது என்னுடையதானது என்று எனக்குத் தெரியும்.

அப்பாவிடம் போனேன். முதலில் ஒன்றுமில்லை என்றார். பிறகு, கேட்டதால், ஒரு பைலைத் திறந்து காட்டினார். அவருடைய தாயின், அதாவது என் அப்பம்மாவின் கல்வெட்டு. 2018இல் அடித்தது. பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் புள்ளியும் கொமாவுமாக, வாசிக்கவே முடியாத குப்பை. 'அம்மா' என்று இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, ஒரு அரைப்புள்ளி, கே, எச் என்று இருந்தது.

"எல்லாம் இப்பிடித்தான் கிடக்கு. 47உம். பழுதாப் போச்செண்டு நினைச்சன்."

"ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"நீ லீவு நாளில மினைக்கெட்டுச் செய்தனி. பிள்ளையும் சேர்ந்தெல்லோ பூட்டினது. சொன்னா ரெண்டு பேருக்கும் கவலை."

இருபது வருட வேலை அழிந்துபோனது என்று நினைத்துக்கொண்டு, ஒரு மாதம் அந்த மனிதர் நாதஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

ஒன்றும் அழியவில்லை. அப்பா அடிப்பது பாமினி எழுத்துருவில். யூனிகோடு வருவதற்கு முந்திய தந்திரம் அது. கொம்பியூட்டர் தன் மனதுக்குள் ஆங்கில 'எம்' என்றுதான் சேமிக்கும். அந்த 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'அ' என்ற படத்தைக் கீறிக் காட்டுவது எழுத்துருவின் வேலை. எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் குப்பை. புலம்பெயர்ந்த எங்கட பத்திரிகைகளும் சங்க மலர்களும் கோயில் நோட்டீஸ்களும் எத்தனையோ வருடம் இதில்தான் வந்தன. யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் வின்டோஸில் அது வந்து சேர்ந்தது வின்டோஸ் 2000இல்தான். அதற்குள் எங்கட ஆட்களின் விரல்கள் பாமினியில் பழகிவிட்டன.

அப்பாவின் விரல்கள் அதற்கும் முன்னமே பழகியவை. பாமினியின் நடு வரிசை ய, ள, ன, க, ப என்று போகும். பழைய தமிழ்த் தட்டச்சு மெஷினிலும் அதே வரிசைதான். அந்தத் தட்டச்சை உருவாக்கிய முன்னோடி இரா. முத்தையா, யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்தவர். பருத்தித்துறையில் பதினெட்டு வயதில் படித்ததை அப்பா லாசாலில் எழுபது வயதிலும் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார்.

இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். ஒரு இயங்குதளம் முழுவதையும் மாற்றினேன், டிஸ்க்கின் பழுதான மூலைகளைக்கூட வாசித்து எடுத்தேன். ஆனால் பழைய வின்டோஸின் எழுத்துரு அடைவுக்குள் இருந்த ஒரு சின்ன பைலைக் கொண்டுவர மறந்துவிட்டேன். மறந்தேன் என்பதும் முழு உண்மையில்லை. அப்பா அதில் என்ன செய்கிறார் என்று ஒரு நாளாவது பக்கத்தில் இருந்து பார்த்திருந்தால் நினைவு வந்திருக்கும்.

வெளி டிஸ்க்கிலிருந்து பாமினியை எடுத்து லினக்ஸின் எழுத்துரு அடைவுக்குள் போட்டேன். ஒரு நிமிட வேலை. கல்வெட்டை மூடித் திறந்தோம். அப்பம்மாவின் பெயர் தமிழில் வந்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஒவ்வொரு பைலாகத் திறந்து பார்க்கத் தொடங்கினார். மூன்று திறக்கவில்லை. அவை டிஸ்க்கின் பழுதான பகுதியில் அகப்பட்டவை. அந்த மூன்றும் யாருடையவை என்று ஒரு துண்டில் எழுதி வைத்தார். அச்சடித்த பிரதி அந்தந்த வீடுகளில் இருக்கும், கேட்டு வாங்கலாம் என்றார்.

மாஸ்டரின் மகளுக்கு ஃபோன் எடுக்க அப்பா சம்மதிக்கவில்லை. ஏலாதென்று சொன்னது சொன்னதுதானாம். அம்மாதான் எடுத்தா. ரொறன்ரோ ஆள் இன்னும் தொடங்கவில்லை. 31ஆம் நாளுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அச்சகத்துக்கு நாலு நாளாவது வேண்டும்.

அன்றிரவே அப்பா இருந்து அடிக்கத் தொடங்கினார். இரண்டாவது நிமிடம் சீலிங்கில் தட்டு.

"தம்பி, ஈ வருகுதில்லை."

என்னோடு இறங்கி வந்த மகள் சொன்னாள்: "அப்பப்பா, ஈ வேணுமெண்டால் சமர் வரைக்கும் பாத்துக்கொண்டிருக்கோணும்." அந்த மாதத்தில் அப்பா சிரித்தது அப்போதுதான்.

ஈ மட்டுமில்லை, ஜ, ஸ இரண்டும் வரவில்லை. இதுவும் என் வேலைதான். லப்டொப் மொன்றியலில் வாங்கியது, பொத்தான்களில் பிரெஞ்சு எழுத்துகள் இருக்கும். மின்ட்டைப் பதிக்கும்போது கனடியப் பிரெஞ்சு விசைப்பலகை என்று நான் தெரிவு செய்திருந்தேன். பாமினியில் ஷிஃப்டோடு கொமாவை அமத்தினால் ஈ வரும், சதுர அடைப்புக்குறிகளில் ஜவும் ஸவும் வரும். கனடியப் பிரெஞ்சு அமைப்பில் அந்த இடங்களில் வேறு குறிகள் இருக்கின்றன. அப்பா வின்டோஸில் எப்போதும் அமெரிக்க அமைப்பைத்தான் வைத்திருந்தார். பொத்தானில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் பார்ப்பதேயில்லை. அமைப்பை மாற்றினேன். ஈமக்கிரியை என்ற சொல்லை முழுதாக அடித்துப் பார்த்துவிட்டு, "இப்ப சரி, நீ போய்ப் படு" என்றார்.

அடுத்த நாட்களில் நான் வேலை முடிய நேரே கீழ் வீட்டுக்குத்தான் போனேன். லிப்ரெஓஃபிஸில் பழைய வடிவமைப்பு கொஞ்சம் குழம்பியது. படங்கள் இடம் மாறின, 32 பக்கம் 33 ஆனது. நடுவில் தைக்கிற புத்தகம் நாலால் பிரியவேண்டும், அதனால் ஒரு பக்கத்தைக் குறைக்க அப்பா தன் கட்டுரையில் இரண்டு பந்தியை வெட்டினார். அப்போதுதான் அவர் எழுதியிருந்ததை நான் முழுக்க வாசித்தேன். பின்னேரங்களில் மாஸ்டர் காசில்லாமல் சொல்லிக் கொடுத்த கணக்கு, அரிக்கன் லாம்பு, அப்பா முதல் தடவை சித்தியடையாமல் போனபோது அவர் வீடு தேடி வந்தது. இவ்வளவையும் அப்பா எனக்குச் சொன்னதேயில்லை. பிடிஎஃப் ஆக்கி அச்சகத்துக்கு அனுப்பினோம். பிடிஎஃபுக்குள் எழுத்துருவும் சேர்ந்தே போகும் என்பதால் அச்சகத்தில் பாமினி இருக்கிறதா என்ற கவலை இல்லை. 31ஆம் நாள் மண்டபத்தில் 48ஆவது கல்வெட்டு எல்லார் கையிலும் இருந்தது.

இன்னொரு வேலை மிச்சம் இருந்தது. பாமினி எத்தனை காலத்துக்கு? நத்தார் விடுமுறையில் பைதனில் ஒரு சின்ன நிரல் எழுதி, எல்லாக் கல்வெட்டையும் யூனிகோடுக்கு மாற்றினேன். எழுத்துக்கு எழுத்து மாற்றுவது சுகம். வரிசைதான் சிக்கல். பாமினியில் 'கொ' அடிக்க முதலில் கொம்பு, பிறகு க, பிறகு அரவு. யூனிகோடில் க முதலில் வரும், உயிர்க்குறி பின்னால் வரும். இடையில் உண்மையான ஆங்கிலத்தில் இருக்கிற விலாசங்களையும் விலக்க வேண்டும், இல்லாவிட்டால் மொன்றியல் விலாசம் அர்த்தமில்லாத தமிழாகிவிடும். எந்தச் சொல் எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று பைலுக்குள்ளேயே பதிவு இருக்கும், அதைப் பார்த்துத்தான் பிரித்தேன்.

அப்பாவுக்கும் யூனிகோடு தட்டச்சு பழக்கட்டுமா என்று கேட்டேன். "எனக்கு என்னத்துக்கு? நான் அடிக்கிறதை நீ மாத்து" என்றார். அது நியாயம்.

மாற்றிய கோப்புகளை மகளின் டப்லெட்டில் போட்டேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகிறாள், எழுத்துக் கூட்டி வாசிப்பாள். தேடும் பெட்டியில் முதலில் தன் பெயரைத்தான் அடித்தாள். ஒரு இடத்தில் வந்தது. அப்பம்மாவின் கல்வெட்டில், பூட்டப்பிள்ளைகள் என்ற பட்டியலில் கடைசிப் பெயர். அப்போது அவளுக்கு இரண்டு வயது. "அப்பப்பா, நான் இதில இருக்கிறன்!" என்று டப்லெட்டைத் தூக்கிக்கொண்டு படியால் இறங்கி ஓடினாள். அவர் அவளுக்கு வம்ச விருட்சத்தை மேலிருந்து கீழ்வரை காட்டிக்கொண்டிருந்த சத்தம் எனக்கு மேலே கேட்டது.

உங்கள் பெற்றோர் வீட்டிலும் இப்படி ஒரு பழைய மெஷின் இருந்தால், எறியாதீர்கள். பெரும்பாலானவற்றுக்கு ஒரு எஸ்எஸ்டியும் லினக்ஸும் போதும். உங்களுக்கு நேரமில்லை என்றால், மொன்றியலில் பழைய கணினிகளைத் திருத்தி, இளைஞர்களுக்கு வேலைப்பயிற்சியும் கொடுக்கிற இன்சர்டெக் போன்ற இடங்கள் இருக்கின்றன. சில வருமானவரி மென்பொருள்கள் வின்டோஸுக்கு மட்டும்தான், அதையும் முதலே பாருங்கள். எல்லாவற்றுக்கும் முதல் ஒரு பின்னேரம் அவர்கள் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, அவர்கள் அதில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். எந்த எழுத்துரு, எந்த விசைப்பலகை, எந்த ஐகனை முதலில் அமத்துகிறார்கள் என்று ஒரு துண்டில் எழுதுங்கள். கொடுத்துவிட்டு வந்த பிறகும் ஒரு கிழமைக்குள் திரும்பப் போய், வேலை செய்யச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். "நல்லாயிருக்கு" என்ற பதிலோடு படியேறி வந்துவிடாதீர்கள்.

போன கிழமை திரும்பவும் தட்டுக் கேட்டது. இந்த முறை பிரின்டர்.